பிரித்த தையல்

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் திக்கென்றிருக்கும். வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுகிறவள், போன மாதம்தான் ஒன்று போட்டாள், அதற்குள் என்ன அடுத்தது என்று. பயப்பட ஒன்றுமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அம்மா விஷயத்தை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அம்மாவுக்கு இதயம் ரொம்பவும் பலவீனமாகிவிட்டது. காலில் நீர் கோத்துக்கொள்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு மாதமோ மூன்று மாதமோ, அதற்கு மேல் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எத்தனை மாசம்னு சொன்னார், ரெண்டா மூணா என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவளிடம் என்ன பொய் சொல்ல முடியும்? மூன்று என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. வண்டியை வெளியே எடுக்கணும் என்றாள். எந்த வண்டி என்று கேட்டுவிட்டேன். நம்ம வீட்ல பத்து வண்டி நிக்குதா என்று ஒரு அதட்டல். உடம்புதான் போயிருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது.

நீ போன நாளிலிருந்து அந்தக் கார் கொட்டகையில்தான் நிற்கிறது. ஒன்பது வருஷம். அன்றைக்கு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, பஸ் நிலையம் வரைக்குமாவது கொண்டு விடும்மா என்று கேட்டாய். அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ மழையில் நடந்தே போனாய். எனக்கு அது மறக்கவில்லை, உனக்கு எப்படி மறக்கும்? அம்மாவுக்கும் மறக்கவில்லை என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் அந்த வண்டியை ஒருநாளும் தொடவில்லை. ராத்திரி பகல் பாராமல் பிரசவம் பார்க்க அதில் ஓடிக்கொண்டிருந்தவள், ஓய்வு பெறும் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். காரணம் கேட்டால் பெட்ரோல் விலையைச் சொல்வாள்.

இப்போது அந்த வண்டியில் உன் வீட்டுக்கு வரவேண்டுமாம். உன் வாசலில் வந்து இறங்க வேண்டுமாம். மனைவியை இழந்தவன், கையில் ஒரு வயசுக் குழந்தை, அவனுக்கா என் பெண்ணைக் கொடுப்பேன் என்று தெருவே கேட்கக் கத்தினவள், அந்தப் பாப்பா இப்ப எத்தனாவது படிக்கிறா என்று என்னைக் கேட்கிறாள். அஞ்சாவது என்றேன்.

சின்னவளுக்கு ஒரு வரி எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள் என்று சொல்லிப் பார்த்தேன். கூடாதாம். அன்னைக்கு நடந்து போனவ அவ, இந்தத் தடவை நான்தான் போகணும் என்கிறாள். நிற்கவே முடியாதவள் இதற்கு மட்டும் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதனால், தயவுசெய்து, நீ கிளம்பி வந்துவிடாதே. அவள் ஆசைப்படி அவளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மெக்கானிக் அண்ணன் வந்து வண்டியைப் பார்த்தார். எஞ்சின் நாலு நாள் வேலை என்கிறார். ஓட்டிக்கொண்டு வருவதும் அவர்தான். நான்தான் ஓட்டுவேன் என்று அம்மா சொன்னதற்கு, சரிம்மா, மலை ஏறுற இடத்துல மட்டும் என்கிட்ட கொடுத்துடுங்க என்றார். உங்கள் ஊர் வரைக்கும் வழியில் ஒரு மேடு கூடக் கிடையாது என்பது இருவருக்குமே தெரியும்.

கஷ்டம் சீட்டில்தான். அந்தக் கருஞ்சிவப்புத் தோல் சீட் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பது வருஷம் தகரக் கொட்டகைச் சூட்டில் கிடந்து பலகை மாதிரி விறைத்துப்போயிருக்கிறது. விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கிறது. உட்காரும் இடமெல்லாம் வெடிப்பு. வெடிப்பின் ஓரம் மேலே சுருண்டு, தடவினால் கையைக் கீறுகிறது. அம்மாவின் உடம்பில் இப்போது சதையே இல்லை. அதில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் புண்ணாகிவிடும்.

மேலே ஒரு மெத்தையைப் போட்டு மூடிவிடலாமே என்றார் மெக்கானிக் அண்ணன். இருபது வருஷமாக ஊர் வண்டிக்கெல்லாம் சீட் தைக்கிறவள், தன் வீட்டு வண்டியில் மெத்தையைப் போட்டு மறைத்தால் என் மானம் என்ன ஆவது? தோலை எடுத்துவிட்டு ரெக்ஸின் போட்டால் இரண்டே நாள். ஆனால் ரெக்ஸின் வெயிலில் சுடும், அம்மாவால் தாங்க முடியாது. இந்தத் தோலையே பதப்படுத்தி எடுத்துவிடுவேன். மூன்று வாரம் போதும். டாக்டர் சொன்ன கணக்குக்குள் எவ்வளவோ நாள் மிச்சம் இருக்கிறது.

உன் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் எழுது. பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் அக்கா

&nbsp;

ஜூன் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த நேரத்தில் வண்டி என்ன, வீம்பு என்ன, நான் வெள்ளிக்கிழமை கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வேண்டாம்னு எழுது, நான் வர்றேன்னு சொன்னா வர்றேன் என்றாள். அதற்குள் நீ வந்து நின்றால் அவள் மனசு சங்கடப்படும். கொஞ்சம் பொறு. அவள் உடம்பும் இப்போது தேவலை. ராத்திரி இரண்டு தலையணை வைத்துக்கொண்டு நன்றாகவே தூங்குகிறாள்.

சீட் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சீட்டையெல்லாம் கழற்றிப் பின்கட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். விறைத்த தோலை எடுத்ததும் வளைக்கக் கூடாது, வளைத்தால் உடைந்துவிடும். முதலில் தூசியை பிரஷ்ஷால் தட்டி, சோப்பு நுரையை மட்டும் துணியில் தொட்டு அழுக்கை எடுக்க வேண்டும். தண்ணீர் இறங்கக் கூடாது. அப்புறம் தோலுக்கான எண்ணெய்க் குழம்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, மேலே பாலித்தீன் தாளைச் சுற்றி மூடிவைக்க வேண்டும். மறுநாள் பிரித்தால், தடவின சுவடே இருக்காது. அத்தனையும் குடித்திருக்கும். திரும்பத் தடவ வேண்டும்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அம்மா தினமும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நம்பமுடிகிறதா? இத்தனை வருஷத்தில் ஒருநாள் அந்தப் படியை மிதித்தவள் இல்லை. நர்ஸ் படிக்க வைக்கலாமென்றால் பொண்ணு லாரிக்கு சீட் தைக்கப் போயிட்டா என்று வந்தவர் போனவரிடமெல்லாம் தலையில் அடித்துக்கொண்டவள். இப்போது காலை பத்து மணியானால் நாற்காலியைப் போடு என்கிறாள். காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டிவைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சும்மா பார்த்தால் பரவாயில்லை. அதிகாரம் வேறு. ஒரே நாள்ல அவ்வளவு ஊத்தாதே, காய்ஞ்சு கிடக்கிற உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுக்கணும் என்கிறாள். வெடிப்புக்குப் பின்னால் நான் துணி வைத்து ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, கட்டு நல்லாப் போடறியே என்றாள். ஊசியில் நூல் கோத்துக்கொடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒரே தடவையில் கோக்கிறாள். கை நடுங்கவே இல்லை. நான்தான் மூன்று தடவை குத்துகிறேன்.

நிறைய பேசுகிறாள். முதன்முதலில் தனியாகப் பார்த்த பிரசவம், அப்பா அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, நான் பிறந்தபோது அழவே இல்லை என்பது, எல்லாம். நாற்பத்திரண்டு வயசில் எனக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது. நேற்று அவளும் நானும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் மெக்கானிக் அண்ணன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

எஞ்சின் தயார். சீட்டுக்குத்தான் இன்னும் நாளாகும்போல் இருக்கிறது. தோல் மேலே தொட்டால் மிருதுவாகத்தான் தெரிகிறது, உள்ளே இன்னும் வறட்சி இருக்கிறது. அம்மா உட்காரப்போகிற முன் சீட்டில் ஒரு தையல் லேசாகக் கோணல். யாருக்கும் தெரியாது, ஆனால் எனக்கு உறுத்துகிறது. அதைப் பிரித்துத் திரும்பப் போடவேண்டும். அவசரப்பட்டால் வழியில் விட்டுவிடும். இது எனக்குத் தெரிந்த தொழில், நீ கவலைப்படாதே. இன்னும் பத்து நாள், அதிகம் போனால் பன்னிரண்டு.

வாசலில் கல்லையெல்லாம் எடுத்து இடம் பண்ணிவிட்டோம் என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பாப்பா வரைந்து அனுப்பிய கார் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கார் பச்சையாக இருக்கிறதே என்று ஒரு குறை மட்டும் சொன்னாள்.

அன்புடன்,
உன் அக்கா

&nbsp;

ஜூலை 29

சின்னவளே,

கிழித்துப் போடுவதானாலும் இதை முழுதாகப் படித்துவிட்டுக் கிழி. மூன்று வாரமாகத் தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துபோகிறேன்.

அன்றைக்கு நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் வந்து இறங்கியபோது, இருட்டுவதற்குள் என்று ஊரார் அம்மாவை எடுத்து, எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தீர்கள். அம்மாவின் வெறும் கட்டிலைப் பார்த்தாய், அழவில்லை. நேரே கொட்டகைக்குப் போனாய். வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. உள்ளே எல்லா சீட்டும் இருந்தது, ஓட்டுகிறவர் பக்கத்து முன் சீட்டைத் தவிர. அந்த இடத்தில் வெறும் தகரத்தையும் நாலு ஓட்டையையும் பார்த்துக்கொண்டே நின்றாய். அப்புறம் திரும்பி, ஒரு சீட்டுக்காகவா அக்கா என்று கேட்டாய். ஒரு மெத்தை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரர்தான் போகும்போது, அவ கோபத்துல பேசறா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனுஷன். எனக்கு அது இன்னும் வலித்தது. ஏனென்றால் நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

சீட் ஜூன் இருபதாம் தேதியே தயாராகிவிட்டது.

நான் அந்த இரண்டாவது கடிதத்தை உனக்கு எழுதியபோது தயாராகி நாலு நாள் ஆகியிருந்தது. உள்ளே வறட்சி என்று எழுதியது பொய். தையல் கோணல் என்பதும் பொய். அதை விட நேராக நான் ஒரு தையல் போட்டதில்லை. இவ்வளவு பொய்யை எழுதிவிட்டுக் கீழே அன்புடன் என்று கையெழுத்தும் போட்டேன்.

என்ன நடந்தது என்றால், இருபதாம் தேதி காலை முன் சீட்டை மரப்பெஞ்சின் மேல் வைத்து, கடைசியாக ஒரு தடவை துணியால் துடைத்தேன். அம்மா எழுந்து வந்தாள். உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். தோல் அமுங்கி, கையை எடுத்ததும் எழுந்து வந்தது. மறுபடி அழுத்தினாள். குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பாளே, அந்த மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்து, நல்லா பண்ணியிருக்கே, உன் கைக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சு என்றாள்.

சின்னவளே, நீ வகுப்பில் முதலாவது வந்தாய், மேடையில் பேசினாய், நீ வாயைத் திறந்தால் அம்மா பூரித்துப்போவாள். எனக்கு அதில் உன் மேல் பொறாமை இருந்ததில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்து நல்லா பண்ணியிருக்கே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து நூல் கண்டைப் பொறுக்குவதுபோல் துடைத்துக்கொண்டேன்.

நிமிர்வதற்குள், அப்ப நாளைக்குக் கிளம்பலாமா, சின்னவ காத்திட்டிருப்பா என்றாள்.

இன்னும் இல்லம்மா, ஒரு தையல் சரியில்லை என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. கிளம்பிவிட்டால் அவள் உன்னுடையவள் ஆகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டு வாசலில் இறங்கினபின் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். மிச்சமிருக்கிற நாளையெல்லாம் உன்னோடுதான் இருக்க ஆசைப்படுவாள். அந்த நாற்காலியில் அவள் இன்னும் நாலு நாள் உட்காரட்டும், எனக்கு இன்னும் நாலு நாள் நூல் கோத்துக்கொடுக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஒன்பது வருஷம் அவளுக்குச் சமைத்துப்போட்டு, துணி துவைத்து, காலைப் பிடித்துவிட்டவளுக்கு நாலு நாள் கூடவா கிடையாது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் செய்தது நியாயம் என்று சொல்ல வரவில்லை. நினைத்ததை நினைத்தபடி எழுதுகிறேன்.

தையல் சரியில்லை என்று சொல்லியாகிவிட்டது, அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், பிரித்துத்தானே ஆகவேண்டும்? பிரித்தேன்.

இதை உனக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். துணியில் ஊசி ஏறினால் எடுத்ததும் துளை மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. ஒரு தடவை போட்ட துளை போட்டதுதான். அதனால் பழைய தோலை மெஷினில் விடக் கூடாது. பழைய துளை ஒவ்வொன்றையும் தேடி, அதே துளையில் கையால் ஊசியை விட்டு வாங்க வேண்டும். முதல் தடவை அப்படித்தான் செய்தேன், ஆறு நாள் ஆனது. நன்றாக அமைந்தது. அதைப் பிரித்து இரண்டாம் தடவை கோத்தால் துளை தளர்ந்துவிடும். புதுத் தோலானால் தாங்கும். ஒன்பது வருஷம் காய்ந்து இப்போதுதான் உயிர் வந்த தோல் தாங்காது. இது எனக்குத் தெரியாதா? என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது. தெரிந்தேதான் பிரித்தேன். மெதுவாக, பார்த்துப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று என் கையின் மேல் அவ்வளவு திமிர்.

ஜூன் இருபத்தேழாம் தேதி, நூலை இறுக்கும்போது ஒரு துளை அடுத்த துளையோடு சேர்ந்தது. நான் கையை எடுப்பதற்குள் அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று ஒரு சாண் நீளத்துக்கு விட்டுக்கொண்டே போய்விட்டது. அம்மாவின் தொடை படும் முன்விளிம்பு. தபால்தலையை வரிசையிலிருந்து கிழித்தால் வருமே, அந்த மாதிரிச் சத்தம். நான் சட்டென்று சீட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். கிழிஞ்சுதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையிலிருந்த ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

அதுவரைக்கும் பொய்யாகச் சொன்ன தாமதம் அன்றிலிருந்து நிஜமாகிவிட்டது. ஒட்டுப் போட அதே கனத்தில், அதே பதத்தில் பழைய தோல் வேண்டும். மெக்கானிக் அண்ணன் எங்கெங்கோ உடைந்த வண்டிகளையெல்லாம் தேடி அலைந்து ஒரு துண்டு கொண்டுவந்தார். மெத்தையைப் போட்டுக் கிளம்பிடலாம்மா என்று இரண்டாம் தடவையும் அவர் சொன்னார். இரண்டே நாள் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். பெரியவ செஞ்ச வேலையைச் சின்னவ பாக்கணும் என்று அம்மா ஒருநாள் சொல்லியிருந்தாள். கிழிந்த சீட்டில் அவளை உட்காரவைத்து உன் வாசலுக்குக் கொண்டுவர எனக்கு மனசில்லை. இதையும் வீம்பு என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவிடமிருந்து நமக்கு வந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

இனிமேல் எழுதப்போவதை எழுதத்தான் மூன்று வாரம் ஆனது.

ஜூன் முப்பதாம் தேதி அம்மாவுக்கு மூச்சு ரொம்பவும் சிரமமாகிவிட்டது. கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, போதும், அவளையே வரச் சொல்லிடு, எனக்கு இனிமே என்ன கௌரவம் என்றாள். எழுதறேம்மா என்றேன்.

நான் எழுதவில்லை.

வா என்று எழுதினால் நீ மறுநாளே வருவாய். வந்ததும் சீட்டைக் கேட்பாய். கிழிந்ததைப் பார்ப்பாய். அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு நாளில் ஒட்டிவிடலாம், நாலாம் தேதி கிளம்பிவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். சாகப்போகிறவள் சொன்னதை மீறி இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று நீ கேட்பாய். நானும் தினமும் கேட்கிறேன்.

அவள் தினமும், கடுதாசி போட்டியா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். மூன்றாம் தேதி தலைவாரிவிடச் சொன்னாள். நீ சின்னவளாக இருந்தபோது உனக்குப் பிடிக்கும் என்று சொல்லி அந்த நீலப் புடவையை எடுக்கச் சொன்னாள். தலையணையை அணைத்துவைத்து வாசலைப் பார்க்கும்படி உட்கார்த்திவைத்தேன். தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் கையால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். நாலாம் தேதியும் அப்படியே. நான் பட்டறையில் பசை காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பால் கொண்டுபோனபோது, அவளுக்கு இன்னும் கோபம் தீரலை போல, தீர வேண்டாம், நியாயந்தானே என்றாள். பாலை வாங்கிக் குடித்தாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அம்மா, நான் எழுதவே இல்லை, அவள் ஓடி வந்திருப்பாள் என்று ஒரு வார்த்தை. அவள் என்னைச் சபித்திருப்பாள், அடித்தே இருப்பாள், ஆனால் நிம்மதியாகப் போயிருப்பாள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும் இனி தாங்காது என்று தோன்றியது. உங்கள் தெரு மருந்துக்கடையின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தேன். சின்னவளை உடனே வரச் சொல்லுங்கள் என்று பேசத்தான் தேடினேன், இதையாவது நம்பு. காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று சொல்ல அம்மாவிடம் போனேன். அவள் வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். தொட்டுப் பார்த்தேன். அந்த எண்ணுக்குத்தான் போய்ப் பேசினேன். நீ கேட்ட சேதி வேறாகிவிட்டது.

நீ வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அம்மா போனாள். நீ வர மறுத்தாய் என்று நினைத்துக்கொண்டு போனாள். அந்தப் பழி உன் மேல் இல்லை. உன்னை இரண்டு தடவை வராதே என்று தடுத்தவள் நான், வா என்று அவள் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் விட்டவளும் நான். உனக்கு இது தெரியாமலே இருந்தால் நிம்மதியாக இருப்பாயே என்று ஒரு மனசு சொன்னது. அதுவும் எனக்குச் சௌகரியமான பொய் என்று புரிந்துவிட்டது.

உன்னுடைய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிடுகிறேன். பட்டறையில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒருநாள், சின்னவ வாசலில் போய் இறங்கினதும் என்னம்மா சொல்லுவே என்று அம்மாவைக் கேட்டேன். மன்னிப்புக் கேட்பேன் என்று சொல்வாளோ, இல்லை பாப்பாவைத் தூக்கிக்கொள்வேன் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். நான் இறங்கவே மாட்டேன் என்றாள். உள்ளே உட்கார்ந்தபடியே பின் கதவைத் திறந்துவிட்டு, ஏறுடி, எங்க போகணுமோ கொண்டு விடறேன்னு சொல்லுவேன், அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியது என்றாள். இதே வார்த்தைதான். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முன் சீட் இன்னும் பெஞ்சின் மேல்தான் இருக்கிறது. ஒட்டு காய்ந்துவிட்டது. தைக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்து போடும் சீட்டுகளைத் தைத்துக்கொடுக்கிறேன், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. காலை பத்து மணிக்கு மட்டும் பட்டறையில் இருக்க முடிவதில்லை, கடைத்தெருவுக்குப் போய்விடுகிறேன்.

மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கமாட்டேன். கேட்டால் நீ இளகிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அம்மா உன்னிடம் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்து என்ன கண்டாள்? திட்டி எழுது. நாலு பக்கம் திட்டு, நாலு நாள் கழித்து மறுபடி திட்டு. எது வேண்டுமானாலும் சொல்லி வை, நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடிதத்தின் தொடக்கத்தில் மட்டும் ஒரு தடவை அக்கா என்று எழுதிவிட்டு அப்புறம் திட்டு. என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

நீயும் உன்னவரும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரியவள்